சிற்றூர் இல்லங்களிற் சூரிய மின்சாரம்

ஞாயிற்றின் ஒளி செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி எல்லார் கூரைமேலும் ஒப்ப வீசுவது. மாடி வீட்டிற்கு மிகுதியும் ஓட்டு வீட்டிற்குக் குறைவும் அதன்பால் இல்லை. ஆயினும், பகலிற் பெற்ற அவ்வொளியை இரவிற்கு உதவுமாறு மாற்றிக்கொள்ளும் வழி நெடுங்காலம் மாந்தர்க்கு அரிதாகவே இருந்தது. இந்நாளில் அவ்வழி கைவந்துவிட்டது. பலகை ஒன்றைக் கூரைமேல் நிறுத்திக் கம்பி இழுத்து விளக்கேற்றுதல் இரண்டொரு நாளில் முடியும் வேலை. அப்பலகையோ 25 ஆண்டுகள் உழைக்க வல்லது.

ஒருநாட் செயலாகிய நிறுவுதலைப் பற்றிப் பேசுவார் பலர். 25 ஆண்டுச் செயலாகிய பேணுதலைப் பற்றி எண்ணுவார் சிலரே. சிற்றூர்களில் நல்லெண்ணத்தோடு ஏற்றப்பட்ட விளக்குகள் அவிந்துபோமாயின், அதற்கு வெயிற் குறைவு காரணமாதல் அரிது. முன்னறிந்து கணக்கிடாமையும் பின்னின்று பேணாமையுமே காரணமாகும். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் கருத்து. நம் கல்லூரி மாணவருட் பலர் சிற்றூர்களினின்றும் வந்தோர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், "நம்ம வீட்டுக்குச் சோலார் போடலாமா?" என்று உற்றாரும் அயலாரும் இவர்களையே வினவுவர். அவ்வினாவிற்கு நேர்மையான விடை கூறுதற்கு வேண்டுவனவற்றை ஈண்டு முறையே ஆராய்வாம்.

மின்பலகையின் இயல்பு

1839ஆம் ஆண்டில், பிரெஞ்சு நாட்டு எட்மண்ட் பெக்கரல் என்னும் 19 வயது இளைஞர், கரைசலில் அமிழ்த்திய தகடுகளின்மேல் ஒளி படுங்கால் மின்னோட்டம் எழுதலைக் கண்டார். அக்காட்சி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆய்வுக்கூட வியப்பாகவே நின்றது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தாராகிய சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர், படும் ஒளியில் 100க்கு ஏறத்தாழ 6 பங்கை மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் கலத்தை உலகிற்குக் காட்டினர். நான்கு ஆண்டு கழித்து, 1958இல், வான்கார்டு என்னும் செயற்கைக் கோளில் அத்தகைய கலங்கள் விண்ணிற் சென்றன. இன்று கடைகளில் விற்கும் பலகைகள் 100க்கு 20 பங்குக்கு மேலும் மாற்றவல்லன. விண்ணிற்கென ஆக்கிய பொருள் இன்று வைக்கோற்போரின் அருகே நின்று விளக்கெரிக்கின்றது.

சிலிக்கன் மணலினின்றும் பிரித்தெடுக்கப்படுவது. அதன் மெல்லிய தகட்டின் ஒரு புறத்தே பாஸ்பரமும் மற்றொரு புறத்தே போரானும் சிறிதளவு கலப்பர். ஒளி படுங்கால் தகட்டினுள் எலக்ட்ரான்கள் விடுபடும். இரு புறங்களின் வேற்றுமையால் அவை ஒரு திசை நோக்கிச் செலுத்தப்படும். அவ்வோட்டமே மின்சாரம். ஒரு கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ட்டே. ஆதலின் 36 கலங்களைத் தொடராகக் கோத்து 18 வோல்ட் அளவு பெற்று, அதனால் 12 வோல்ட் பேட்டரியை ஏற்றுவர். சுழலும் உறுப்போ உராயும் உறுப்போ இதன்கண் இன்மையாலேயே பலகை நெடுநாள் நிற்கின்றது.

பொதுமக்களிடை உலவும் பிழைக் கருத்தொன்றை ஈண்டு நீக்குதல் வேண்டும். வெம்மை மிகுந்தோறும் மின்சாரம் மிகும் என்று பலர் எண்ணுவர். பலகை வேண்டுவது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் ஆற்றல் 100க்கு ஏறத்தாழ 0.35 பங்கு குறையும். சித்திரை வெயிலில் பலகை 65 பாகை வரை காய்தல் உண்டு. அப்பொழுது 40 பாகை மிகையால் 100க்கு 14 பங்கு இழப்பாம். தெளிந்த வானமும் தண்ணிய காற்றும் உடைய தை, மாசித் திங்களின் பகலே பலகைக்கு உவந்த காலம். பலகைக்கும் கூரைக்கும் இடையே காற்றோட விடுதல் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

தேவையைக் கணக்கிடுதல்

வணிகர் தருவதை வாங்கி மாட்டிக்கொள்ளாது, வீட்டின் தேவையை முதலிற் கணக்கிடுக. சிறு குடும்பம் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு 4, நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரியின் 180 வாட்-மணி. 30 வாட் மின்விசிறி ஒன்று 8 மணி நேரம் சுழலின் 240. 40 வாட் தொலைக்காட்சி 3 மணி நேரம் ஓடின் 120. கைப்பேசி இரண்டினை ஏற்ற 20. ஆகத் தொகை 560 வாட்-மணி. அஃதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல்.

பேட்டரியினும் கம்பியினும் இன்வெர்ட்டரினும் ஏறத்தாழ 100க்கு 30 பங்கு வீணாகும். ஆதலின் 560ஐ 0.7ஆல் வகுக்க வரும் 800 வாட்-மணியைப் பலகை நாள்தோறும் ஈட்டுதல் வேண்டும். காலை மாலை இளவெயிலை நண்பகல் முழுவெயிலின் அளவாகச் சுருக்கிக் கணக்கிடின், தமிழ்நாட்டில் ஒரு நாள் வெயில் ஏறத்தாழ 5 மணி நேர முழுவெயிலுக்கு ஈடாம். மழை மாதங்களைக் கருதி 4 மணி நேரம் என்றே கொள்வோம். 800ஐ 4ஆல் வகுக்க 200 வாட் பலகை போதும் என்பது போதரும்.

இனிப் பேட்டரி. இரண்டு நாள் வானம் மூடினும் விளக்கெரிய வேண்டுமாயின் 1,120 வாட்-மணி சேமித்தல் வேண்டும். ஈயமும் ஆசிட்டும் கொண்ட பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடின் அதன் வாழ்நாள் குறுகும். ஆகலின் இருமடங்காகிய 2,240 வாட்-மணிக் கொள்ளளவு வேண்டும். 12 வோல்ட்டால் வகுக்க 187 வரும். கடையிற் கிடைக்கும் 200 ஆம்பியர்-மணிப் பேட்டரியைக் கொள்க. லித்தியம் பேட்டரியாயின் 100க்கு 80 பங்கு வரை வடியவிடலாம். ஆதலின் ஏறத்தாழ 117 ஆம்பியர்-மணியே போதும். முதல் விலை மிகுதியாயினும் அது நெடுநாள் உழைக்கும்.

மேற்கூறிய கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலுமே. ஆயினும் இதனைச் செய்யாமையால் நேரும் கேடு பெரிது. நான்கு விளக்குக்கென அமைத்த பேட்டரியில் மாவரைக்கும் கிரைண்டரை மாட்டுவர். அது நாள்தோறும் அடிவரை வடிந்து ஓரிரு ஆண்டில் மாளும். பின் பழி சூரியன்மேல் ஏறும்.

அமைக்கும் முறை

முதற்கண் நிழலை ஆராய்க. காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை தென்னை, வேம்பு, நீர்த்தொட்டி முதலியவற்றின் நிழல் படாத இடமே தக்க இடம். கலங்கள் தொடராகக் கோக்கப்பட்டிருத்தலின், ஒரு கலத்தின்மேல் விழும் சிறு நிழலும் அத்தொடர் முழுவதன் ஓட்டத்தைத் தடுக்கும். வாய்க்காலில் ஓரிடத்தே மண் சரியின் கடைமடை முழுதும் காய்தல் போல்வது அது. நிழலை ஒரு நாள் மட்டும் பார்த்தமைதல் போதாது. மார்கழியில் ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்லுதலின், அப்பொழுது நிழல் நீளும் என்பதையும் கருதுக.

நம் நாடு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே உள்ளமையின், பலகை தெற்கு நோக்குதல் வேண்டும். சாய்வு, ஊரின் அகலாங்குக்கு ஏறத்தாழ ஒத்திருத்தல் நன்று. கன்னியாகுமரிக்கு 8, மதுரைக்கு 10, சென்னைக்கு 13 பாகை. எவ்வூராயினும் 10 பாகைக்குக் குறையாதிருப்பின் மழைநீர் தங்காது தூசியை அடித்துச் செல்லும்.

கூரையின் வலிமையும் நோக்கற்பாலது. காங்கிரீட்டு மாடியாயின் இடர்ப்பாடில்லை. ஓட்டுக் கூரையில் ஓட்டின்மேல் ஏற்றாது, உள்ளிருக்கும் மரச்சட்டத்தில் இரும்புக் கால்களைப் பிணித்தல் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஆள் ஏறுதலே ஆபத்து. ஓலைக் குடிசைக்கு முற்றத்தில் இரும்புக் கம்பம் நட்டு அதன் தலையிற் சிறு பலகை ஒன்று பொருத்துதலே ஏற்றது. காற்றின் வலியைக் கருதாது வெறுங்கல் வைத்து நிறுத்திய பலகை, ஆடிக் காற்றில் அயல் வீட்டில் விழும்.

கம்பியிற் சிக்கனம் காட்டுதல் கூடாது. 60 வாட் செலவிற்கு 230 வோல்ட்டாயின் கால் ஆம்பியர் ஓட்டமே ஓடும். 12 வோல்ட்டாயின் 5 ஆம்பியர் ஓடும். மெல்லிய கம்பியில் அவ்வோட்டம் வெப்பமாக வீணாவதோடு, இணைப்புகள் உருகுதலும் உண்டு. ஆகலின் பலகை, பேட்டரி, விளக்கு ஆகியவற்றின் இடைத்தொலைவைச் சுருக்கித் தடித்த செம்புக் கம்பி இழுக்க. பேட்டரிக்கு அருகே ஃப்யூஸ் இன்றியமையாதது. பலகைச் சட்டத்திற்கு எர்த் இணைப்புக் கொடுத்தல் வேண்டும். ஆசிட் பேட்டரி ஏறுங்கால் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுதலின், அதனைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க. அடுப்பங்கரையிலும் குழந்தைகள் துயிலும் அறையிலும் வைத்தல் ஆகாது. பகலில் வெயில் உள்ளளவும் பலகையினின்றும் மின்சாரம் எழுந்துகொண்டேயிருக்கும். ஆதலின் பழுது பார்ப்போர் அதனைத் தடித்த துணியால் மூடிய பின்னரே கம்பியைத் தொடுதல் வேண்டும்.

இருவகை அமைப்பு

இதுகாறும் கூறியது, பேட்டரியோடு தனித்து நிற்கும் அமைப்பு. மற்றொரு வகை, அரசு மின்கம்பியோடு இணைந்து நிற்பது. அதிற் பேட்டரி இல்லை. பகலில் எழும் மின்சாரத்தில் வீட்டுத் தேவை போக எஞ்சியது கம்பி வழியே வெளிச் செல்லும்; இரவில் வேண்டுவது கம்பி வழியே உள்வரும்; போக்குவரவு இரண்டினையும் ஒரு மீட்டர் குறித்துக்கொள்ளும். 1 கிலோவாட் பலகைக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும்; நாள்தோறும் சராசரி 4 யூனிட் கிடைக்கும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடுவணரசு தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம் இவ்வகை வீட்டமைப்பிற்கு, 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2க்கு 60,000 ரூபாயும், 3க்கும் அதற்கு மேற்பட்டதற்கும் 78,000 ரூபாயும் மானியமாக விதித்தது.

இது கேட்டவுடன் ஊரார் அனைவரும் மனுச் செய்தல் தகுமோ எனின், இரண்டு செய்திகளை அவர்க்கு எடுத்துரைத்தல் கற்றோர் கடனாகும்.

முதலாவது: தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பிற்கு இரு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கும் முறை 2016ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்டது. இரு திங்களில் 90 யூனிட் மட்டுமே செலவிடும் எளிய குடும்பம் இம்முறையின்கீழ் மின்கட்டணமே செலுத்துவதில்லை. கட்டணமே இல்லாதார்க்குக் கட்டணத்தைக் குறைக்கும் கருவி யாது பயன் தரும்? கடன் வாங்கி அதனை அமைப்பாராயின் வட்டியே மிஞ்சும். 400, 500 யூனிட் செலவிடும் வீட்டார்க்கோ அது சில ஆண்டுகளில் முதலைத் திருப்பித் தரும்.

இரண்டாவது: கம்பியில் மின்சாரம் நின்றால், இணைப்புவகைப் பலகையும் உடனே நின்றுவிடும். உச்சி வெயில் எறிப்பினும் வீட்டில் விளக்கெரியாது. இது குறையன்று, உயிர்காக்கும் ஏற்பாடு. அறுந்த கம்பியைச் சீர்செய்யக் கம்பத்தில் ஏறிய லைன்மேன்மீது வீட்டுப் பலகையின் மின்சாரம் பாயாதிருத்தற்காகவே இன்வெர்ட்டர் அவ்வாறு இயற்றப்பட்டுள்ளது. ஆயினும் இதனை அறியாது வாங்கினோர் பின்னர் ஏமாற்றமடைவர். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிய கஜாப் புயல் மின்கம்பங்களைப் பெருந்தொகையாகச் சாய்த்தது. காவிரிக் கழிமுகத்துச் சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருளிற் கிடந்தன. அத்தகைய நாளில் ஒளி தருவது பேட்டரியுடைய சிறு அமைப்பேயன்றிப் பேட்டரியில்லாப் பேரமைப்பன்று. இரண்டினையும் இணைத்த அமைப்பும் உண்டு, விலை மிகுதி.

ஆகவே, 'சோலார் போடலாமா?' என்னும் வினாவிற்கு, 'எதற்காக?' என்னும் எதிர்வினாவே முதல் விடையாம். கட்டணம் குறைதற்கோ, மின்தடையில் ஒளி பெறுதற்கோ என்று தெளிந்த பின்னரே மேற்செல்லுதல் வேண்டும்.

தர்னை கற்பித்த பாடம்

பீகாரில் ஜஹானாபாத் மாவட்டத்தைச் சார்ந்தது தர்னை என்னும் சிற்றூர். 30 ஆண்டுகளுக்கு மேலாக மின்சாரமின்றி இருந்த அவ்வூரில், 2014ஆம் ஆண்டில் கிரீன்பீஸ் இயக்கத்தார் 100 கிலோவாட் ஆற்றலுள்ள சூரிய மின்நிலையத்தை நிறுவினர். 400க்கு மேற்பட்ட வீடுகளும் தெருக்களும் கடைகளும் ஒளி பெற்றன. நாடெங்கும் அவ்வூரின் புகழ் பரவிற்று. ஆயின் விளக்குக்கும் விசிறிக்கும் மேல் வேறு கருவிகளை இயக்குதற்கு அதிற் போதிய வலிமை இல்லை. "எங்களுக்கு அசல் மின்சாரம் வேண்டும்" என்று ஊரார் முறையிட்டனர். விரைவிலேயே அரசு மின்கம்பி வந்தது. அதன் கட்டணமும் குறைவாயிருந்தது. மக்கள் அதன்பாற் சென்றனர். பேட்டரிகள் வலுவிழந்தன, மாற்றுவார் இலர். சில ஆண்டுகளில் அந்நிலையம் மாடு கட்டும் இடமாயிற்று.

இதனை எள்ளி நகையாடுதல் எம் கருத்தன்று. இருளில் இருந்த ஊர்க்கு ஒளி தரவேண்டும் என்னும் எண்ணம் மேலானதே. ஆயினும் அவ்வூர் கற்பிக்கும் பாடம் மூன்று. ஊரார் இன்று வேண்டுவதோடு நாளை வேண்டுவதையும் கேட்டறிதல் வேண்டும். அரசுக் கம்பி வந்தால் யாது செய்வது என்று முன்னரே துணிதல் வேண்டும். பேட்டரி மாளும் நாளுக்கென முதல் நாளிலிருந்தே பணம் சேர்த்தல் வேண்டும்.

இதனொடு வங்காள தேசத்தின் முயற்சியை ஒப்பிடுக. அங்கு 2003ஆம் ஆண்டிற் தொடங்கிய வீட்டுச் சூரிய விளக்குத் திட்டத்தின்கீழ் 40 இலட்சத்திற்கு மேற்பட்ட வீடுகளில் சிறு பலகைகள் அமைக்கப்பட்டன. பெரும்பாலோர் தவணையிற் பணம் செலுத்தினர். தவணை பெற வருவோரே பேட்டரியையும் நோக்கிச் சென்றனர். விலை கொடுத்து வாங்கிய பொருளாதலின் வீட்டார் அதனைத் தமதெனப் பேணினர். பின்னர் அரசுக் கம்பி ஊர்தோறும் எட்டியமையால் அத்திட்டம் ஒடுங்கியது; எனினும் இடைப்பட்ட ஆண்டுகளில் எத்துணையோ சிறுவர் மண்ணெண்ணெய்ப் புகையின்றிப் படித்தனர். நம் நாட்டிலும், 1995இல் செல்கோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய ஹரீஷ் ஹாண்டே, வறியவரும் தம் வருவாய்க்கேற்ற தவணை அமைந்தால் விளக்கிற்கு விலை கொடுப்பர் என்று செய்து காட்டினார். 2011ஆம் ஆண்டில் மக்சேசே விருது பெற்றார்.

பேணுவார் யார்?

பேணும் வேலை கடினமானதன்று. இடையறாமையே அதற்கு வேண்டுவது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பலகை சூடேறுமுன் விடியற்காலையில், மென்துணியும் நன்னீரும் கொண்டு துடைக்க. உப்புக் கலந்த ஆழ்குழாய் நீர் கண்ணாடியில் வெண்படலம் படியச் செய்யும்; காய்ந்த கண்ணாடிமேல் தண்ணீர் கொட்டின் அது வெடித்தலும் கூடும். திங்கள்தோறும் ஆசிட் பேட்டரியின் நீர்மட்டம் நோக்கி, குறைந்தவிடத்துக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றுக. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், ஆணிகளையும் இணைப்புகளையும் முடுக்குக. பேட்டரியின் விலை 15,000 ரூபாய், வாழ்நாள் 5 ஆண்டு எனக் கொள்ளின், திங்களுக்கு 250 ரூபாய் ஒதுக்குவார் வீட்டில் விளக்கு அவியாது. பெண்கள் சுயஉதவிக் குழுவின் கணக்கேட்டில் இதற்கொரு பத்தி சேர்த்தல் எளிது.

பழுது நேரின் நகரத்தினின்று ஆள் வரக் காத்திருத்தலே சிற்றூரின் பெருந்துன்பம். இதற்கு வழி காட்டியது ராஜஸ்தானத்தில் அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியா. 1972ஆம் ஆண்டில் பங்கர் ராய் அங்குத் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ் என்னும் நிலையம், எழுத்தறியா முதிய பெண்டிர்க்கு ஆறு திங்களில் சூரிய விளக்குகளை அமைக்கவும் செப்பனிடவும் கற்பித்தது. நிறங்களும் சைகைகளுமே பாடமொழி. ஆப்பிரிக்க நாட்டுப் பாட்டியரும் அங்கு வந்து பயின்று மீண்டனர். பாட்டியரைத் தெரிந்தமைக்கு அவர் கூறிய காரணம் நோக்கத்தக்கது: இளைஞர் தொழில் கற்றவுடன் நகரம் நோக்கிச் செல்வர், பாட்டியர் ஊரிலேயே இருப்பர்.

ஊர்ப்பொதுவிற்கு ஒரு கருத்துக் கூறி அமைவாம். ஊராட்சி நீரேற்று மோட்டார் பகலில் ஓடுவது. அதற்குச் சூரியப் பலகை இணைப்பின் பேட்டரியே வேண்டா. வெயில் உள்ளபோது மேல்நிலைத் தொட்டி நிரம்பும். தொட்டி நீரே சேமித்த ஆற்றலாம். தனி வீடுதோறும் பலகை ஏற்ற இயலாத வறிய தெருவிற்கு இதுவே முதல் நன்மையாதல் கூடும்.

முடிவுரை

மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற பதின்மர் கன்னியரின் உவமை நம் கல்லூரியார் யாவரும் கேட்டதே. விளக்கு பதின்மரிடத்தும் இருந்தது. எண்ணெய் சேமித்து வைத்தோர் ஐவரே. கூரைமேற் பலகை விளக்குப் போல்வது. கணக்கிடும் அறிவும், திங்கள்தோறும் ஒதுக்கும் சிறு பணமும், துடைத்தும் முடுக்கியும் பேணும் ஒரு கையும் எண்ணெய் போல்வன. ஆதலின் மாணவர்காள், இவ்விடுமுறையில் நும் ஊரில் நின்றுபோன சோலார் விளக்கு ஒன்று உளதாயின், அதன் பேட்டரியைத் திறந்து நீர்மட்டம் பாருங்கள், இணைப்பைத் துடையுங்கள், வீட்டார் ஒருவர்க்கு அவ்வேலையைக் கற்பித்து வாருங்கள். புதிய பலகை ஒன்று ஏற்றுதலினும், ஏற்றிய விளக்கை அவியாது காத்தல் சிறந்த பணியாம்.